பட்டையின் அகலமும் உத்திரத்தின் வயதும்

புதிதாக அறுபட்ட மரத்தின் மணம் மரத்துக்கு மரம் வேறுபடும். வேம்பின் தூள் அடிநாக்கில் கசக்கும். பலாவின் மஞ்சள் தூள் இனிப்பும் புளிப்பும் கலந்து வீசும். பல தலைமுறைகள் கூரையைத் தாங்கிய தேக்கு உத்திரம் அறுபடும்போது, உள்ளே அடங்கிக் கிடந்த எண்ணெய்ப் பிசுக்கு, பதனிட்ட தோலை நினைவூட்டும் மணமாக வெளிப்படும். தோல் பதனிடும் கூடங்களாலும் புகையிலைக் கிட்டங்கிகளாலும் பூட்டுப் பட்டறைகளாலும் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் வளர்ந்து இன்று முதுமையை எட்டியிருப்போர், இடித்த வீட்டு மரங்களை விற்கும் கொட்டகை ஒன்றைக் கடந்து செல்லும்போது இந்தத் தேக்கு மணம் வந்து மோதினால் சற்றே நின்றுவிடுகின்றனர். ஊர் விளிம்புச் சாலைகளில் இருந்த மரஅறுவை மில்களும், அவற்றின் தகரக் கூரைகளும், பிற்பகல் வெயிலில் மிதந்த தூளும், மில் மேஸ்திரிகளின் பேச்சும் அவர்கள் நினைவில் ஒருங்கே எழுகின்றன. அந்தப் பேச்சில் நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று உண்டு: இந்த மரத்துக்கு எந்தப் பட்டையை மாட்டுவது?

பட்டை என்பது பட்டை ரம்பத்தின் அலகைக் குறிக்கும். மில்களில் பேண்டுசா என்றே வழங்கப்பெறும் இவ்வியந்திரத்தில், மேலும் கீழுமாக அமைந்த இரண்டு பெரிய சக்கரங்களின்மீது, ஓர் ஓரத்தில் மட்டும் பல் வெட்டிய எஃகு நாடா, முனைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பெற்ற வளையமாக ஓடுகிறது. மரம் அதன் முன்னே தள்ளப்படுகிறது. காட்டிலிருந்தோ தோப்பிலிருந்தோ வந்த உருண்டைத் தடியைச் சதுரிப்பது ஒரு வேலை. சதுரித்த கட்டையையோ, இடித்த வீட்டிலிருந்து வந்த உத்திரத்தையோ நிமிர்த்தி வைத்து, அதன் தடிமனைப் பிளந்து மெல்லிய பலகைகளாக எடுப்பது வேறொரு வேலை. பின்னதையே இக்கட்டுரை மறு அறுவை என்று குறிக்கிறது. சட்டத்தைக் குறுக்கே துண்டிப்பதைக் காட்டிலும் இது கடினமானது. ஏனெனில் பத்து அங்குல உயரமுள்ள கட்டையைப் பிளக்கும்போது, பட்டை பத்து அங்குல ஆழத்துக்கு எவ்விதத் துணையுமின்றி மரத்துக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆழத்தில் எங்கேனும் அது ஒரு பக்கம் சாய்ந்தால் பலகை மேலே தடித்தும் கீழே மெலிந்தும் வரும். நடுவில் வளைந்தால், மேஸ்திரிகள் வயிறு வைத்த பலகை என்று ஒதுக்கிவைக்கும் பலகை வரும். அதை இழைத்துச் சமன்செய்ய முற்படும் ஆசாரி, கால் அங்குல மரத்தைச் சிராயாகத் தரையில் கொட்ட நேரிடும்.

இயந்திரம் வருவதற்கு முன்னிருந்த முறையை நேரில் கண்டோர் இன்று மிகச் சிலரே. தடியை உயரமான மரக்கால்களின்மீது ஏற்றி, காவிக் கரைசலில் தோய்த்த நூலை அதன் நீளத்துக்கும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டுக் கோடு போடுவர். நூலடித்தல் என்று பெயர்பெற்ற இச்செயல் முடிந்ததும், ஒருவர் தடியின் மேல் ஏறி நிற்க, மற்றவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே நிற்க, நீண்ட வாளின் இரு முனைகளையும் பற்றி நாள் முழுவதும் இழுப்பர். மேலே நிற்பவர் கோட்டைக் காத்தார். கீழே நிற்பவர் கண்ணில் விழும் தூளோடு இழுத்தார். இவ்விருவரின் உழைப்பை நீக்கிய இயந்திரம் உலகில் தோன்றியதும் எளிதாக நிகழவில்லை. 1808-இல் இலண்டனில் வில்லியம் நியூபெரி பட்டை ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றாரெனினும், சக்கரத்தின்மீது இடைவிடாமல் வளைந்து நிமிர்ந்தும் இணைப்பில் ஒடியாத நாடாவை அக்காலத்தில் செய்ய இயலவில்லை. 1846-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அன் போலின் கிரெப்பன் என்னும் பெண்மணி, நாடாவின் முனைகளை இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே, பாரிசில் இயந்திரம் செய்தோர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். எனவே, பட்டை ரம்பத்தின் வரலாறு தொடக்கம் முதலே பட்டையின் வரலாறுதான். சக்கரமும் சட்டகமும் எப்போதோ ஆயத்தமாகிவிட்டன, எஃகு நாடாவுக்காகத்தான் அவை காத்திருந்தன.

திண்டுக்கல் மில்களில் நாளின் முதல் வேலை பட்டை மாட்டுவது. முதல்நாள் மாலை தீட்டிய பட்டை சுவரில் அடித்த மரமுளைகளில் பெரிய வளையமாகத் தொங்கும். இருவர் சேர்ந்து அதை எடுத்து, பல் தம் உடலைத் தீண்டாதவாறு திருப்பி, மேற்சக்கரத்தில் முதலில் ஏற்றுவர். மேற்சக்கரத்தைத் திருகால் உயர்த்தியும் எடைத்தண்டால் தூக்கியும் பட்டையை விறைப்பாக்கிய பின், மேஸ்திரி சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, பல் சக்கர விளிம்புக்குச் சற்று வெளியே ஓடுகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகே மோட்டார். அறுக்கவரும் மரத்தின் உரிமையாளர்கள் அதற்கு முன்பே வந்து கூடிவிடுவர். நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர், வத்தலக்குண்டிலிருந்து தென்னை கொண்டுவந்தவர், வேடசந்தூர்ப் பக்கம் சாலையோரப் புளியமரத்தை ஏலத்தில் எடுத்தவர் என அவர்கள் பலதிறத்தினர். எல்லாருடைய மரத்தையும் ஒரே பட்டையில் அறுத்துவிட முடியாதென்பதால், எவருடையதை முதலில் ஏற்றுவது என்னும் வரிசை அவர்கள் வந்த நேரத்தைக் கொண்டு அமையாமல், மரத்தின் தன்மையைக் கொண்டே அமைந்தது. கூர் புதிதாக இருக்கும் காலையில் தேக்கும் வேம்பும். உச்சிவேளையில் மாவும் வாகையும். கூர் மழுங்கத் தொடங்கிய மாலையில், எப்படியும் கான்கிரீட்டுக்கு அடியில் சென்று மறையும் சென்ட்ரிங் பலகை.

அத்தகைய மில் ஒன்றில், வேலை பழக வந்திருந்த இளைஞர் ஒருவர், அகலமான பட்டையை மாட்டினால் எல்லா மரமும் நேராக அறுபடும் அல்லவா என்று கேட்டபோது, மேஸ்திரி சொன்ன மறுமொழி அங்கு நின்ற பலர் நினைவில் தங்கியிருக்கிறது: "தம்பி, அகலமா இருந்தா நேரா அறுக்கும்னு நெனைக்காத. இழுத்துப் புடிச்சிருந்தாத்தான் நேரா அறுக்கும். எம்புட்டு அகலத்த இந்தச் சக்கரம் இழுத்துப் புடிக்கும்னு மொதல்ல பாரு." பட்டையின் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது குறித்து இன்றைய கையேடுகள் பல பக்கங்களில் விளக்குவனவற்றுள் பெரும்பகுதி இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது என்பது மிகையன்று; ஆயினும் அவை ஏன் உண்மை என்பதை விரித்துரைக்க வேண்டியிருக்கிறது.

மரம் பட்டையின் பல்லை எதிர்த்துத் தள்ளும்போது, பட்டை பின்னோக்கி வளைய முற்படுகிறது. அதைத் தடுக்கும் விறைப்பு அகலத்தோடு வெகு விரைவாகக் கூடுவது; தடிமன் மாறாதிருக்க அகலம் மட்டும் இரட்டித்தால் அவ்விறைப்பு எட்டு மடங்காகும். அகலமான பட்டையே மறு அறுவைக்கு ஏற்றது என்னும் பொதுக்கருத்துக்கு அடிப்படை இதுவே. வளைவறுப்புக்கு இதற்கு நேர்மாறான தேவை: கால் அங்குலப் பட்டை ஏறத்தாழ ஐந்தெட்டு அங்குல ஆரமுள்ள வளைவிலும் திரும்பிவிடும்; அரை அங்குலப் பட்டைக்கு இரண்டரை அங்குல ஆரமும், ஓர் அங்குலப் பட்டைக்கு ஏழு அங்குலத்துக்கு மேற்பட்ட ஆரமும் வேண்டும். திரும்ப மறுக்கும் இந்தக் குணமே பலகை பிளக்கும்போது நன்மையாகிறது.

ஆனால் அகலத்தால் வரும் விறைப்பு, பட்டை உரிய அளவில் இழுக்கப்பட்டிருந்தால் மட்டுமே பயன் தரும். எஃகு நாடாவை மறு அறுவைக்கு ஏற்றபடி விறைப்பாக்கச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 20,000 பவுண்டு இழுவை வேண்டும் எனக் கொண்டால், ஓர் அங்குல அகலமும் 0.035 அங்குலத் தடிமனும் உடைய பட்டைக்கு, சக்கரத்தின் இருபுறமும் ஓடும் நாடாக்களைச் சேர்த்து 1,400 பவுண்டு, அதாவது சுமார் 635 கிலோ எடையை மேற்சக்கரத்தின் அச்சும் அதைத் தாங்கும் சட்டகமும் தாங்கியாக வேண்டும். அதே இழுவையில், அரை அங்குல அகலமும் 0.025 அங்குலத் தடிமனும் உடைய பட்டைக்கு 500 பவுண்டு, அதாவது 227 கிலோவே போதும். தச்சுப் பட்டறைகளில் இன்று இடம்பெறும் 14 அங்குலச் சக்கரச் சிறு இயந்திரத்தில் முக்கால் அங்குலப் பட்டையை மாட்ட இடமிருக்கும். அட்டவணையிலும் அது பொருந்தும் என்றே அச்சிட்டிருப்பர். எனினும் அதன் சுருள்வில் முற்றும் அமுங்கிய பிறகும் அந்தப் பட்டை பாதி விறைப்பிலேயே நிற்கும். தளர்ந்து நிற்கும் அகலப் பட்டை, விறைத்து நிற்கும் அரை அங்குலப் பட்டையைவிட மோசமாக அறுக்கும். அகலம் கூடுவதால் சிறு இயந்திரம் பெரிய இயந்திரமாகிவிடுவதில்லை.

தடிமனுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு இதனினும் கண்டிப்பானது. சக்கரத்தைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் பட்டை வளைந்து நிமிர்கிறது. சிறிய சக்கரத்தில் தடித்த பட்டை கூடுதலாக வளைக்கப்படுவதால், பல்லுக்கு அடியில் உள்ள குழிவில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி, ஒருநாள் எவரும் எதிர்பாராத நேரத்தில் அறுந்துவிடும். பட்டையின் தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது மில்காரர்களிடையே உலகெங்கும் வழங்கும் விதி. 36 அங்குலச் சக்கரத்துக்கு 0.036 அங்குலம், 42 அங்குலச் சக்கரத்துக்கு 0.042 அங்குலம் என்று அது அமையும். சிறு இயந்திரங்களில் இவ்விதி நடைமுறையில் மீறப்படுகிறது. அதனாலேயே அவற்றில் பட்டைகள் விரைவில் அறுகின்றன. அகலமான பட்டைகள் பெரும்பாலும் தடித்தனவாகவே விற்கப்படுவதால், அகலத்தைத் தேர்ந்தெடுப்பவர் தம்மை அறியாமலேயே தடிமனையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

தடிமன் கூடுவதன் இன்னொரு விளைவு, அறுவைத் தடம் அகலமாவது. பட்டையின் தடிமனோடு, பல்லை இடமும் வலமும் மாறி மாறிச் சற்றே வளைத்துவிடும் செட்டும் சேர்ந்து, எவ்வளவு மரம் தூளாகும் என்பதை முடிவு செய்கிறது. வட்ட ரம்பத்தில் அறுவைத் தடம் 6 மில்லிமீட்டர் என்று கொண்டால், 25 மில்லிமீட்டர்ப் பலகைகள் எடுக்கும்போது நான்கு அறுவைக்கு ஒரு பலகை தூளாகப் போய்விடும். தடம் இரண்டரை மில்லிமீட்டராகக் குறையும் பட்டை ரம்பத்தில் பத்து அறுவைக்கே ஒரு பலகை போகும். மாமரத்தில் இந்த வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. பர்மாத் தேக்கில் அது வீட்டுச் சண்டையாகவே மாறியதுண்டு.

அக்காலத்தில் இத்தூளும் வீணாகவில்லை. மாலையில் மில் வாயிலில் கோணிப்பைகளோடு பெண்களும் சிறுவர்களும் நிற்பர். மரத்தூள் அடுப்பு வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. தகர அடுப்பின் நடுவில் ஒரு புட்டியையோ உருட்டுக்கட்டையையோ நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கையால் கெட்டித்து, பிறகு நடுக்கட்டையை மெல்லச் சுழற்றி உருவினால் புகைபோக்கி போன்ற துளை கிடைக்கும்; அடியில் பற்றவைத்தால் ஒரு குடும்பத்தின் சமையல் முடியும்வரை அது நின்று எரியும். பட்டை ரம்பத்தின் மென்தூள் நன்றாகக் கெட்டிப்படும் என்றும், வட்ட ரம்பத்தின் பருந்தூள் சரிந்துவிடும் என்றும் அப்பெண்கள் அறிந்திருந்தனர்; வேப்பந்தூள் கண்ணை எரிக்கும் என்பதால் அது கலந்த பையை மறுத்துவிட்டு, தேக்கும் மாவும் அறுபடும் நாளை விசாரித்து வந்தனர். எரிவாயு உருளைகள் பரவிய பின்னர் அந்த வரிசை மெல்லக் கலைந்தது.

பல்லின் எண்ணிக்கையை விட்டுவிட்டு அகலத்தைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறையாகவே முடியும். இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள குழிவு, மரத்துக்குள் செல்லும் நேரம் முழுவதும் தான் அறுத்த தூளைச் சுமந்துகொண்டு, மறுபுறம் வெளிவந்த பிறகே அதைக் கொட்ட முடியும். அறுவையின் உயரம் கூடக்கூடச் சுமக்க வேண்டிய தூளும் கூடுகிறது. குழிவு நிரம்பிவிட்டால் தூள் பட்டையின் பக்கங்களில் திணிந்து, பட்டை சூடாகி, வளைந்து, தடம் மாறும். ஆகவேதான் அரை அங்குலப் பலகைக்கு நெருக்கமான பல்லும், பத்து அங்குல உத்திரத்துக்கு அங்குலத்துக்கு இரண்டு அல்லது மூன்று பல் மட்டும் கொண்ட பட்டையும் வேண்டியிருக்கின்றன. ஆழ்ந்த குழிவு வெட்டுவதற்கு அகலம் தேவை. பல்லுக்குப் பின்னால் போதிய எஃகு எஞ்சினால்தான் பட்டை நிற்கும். அகலத்துக்கும் மறு அறுவைக்கும் இடையிலுள்ள உறவில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான கண்ணி இது என்றே சொல்ல வேண்டும்.

இச்சமவெளியில் ஒவ்வொரு மரமும் இவ்விதிகளைத் தன் போக்கில் வளைத்தது. வறண்ட காற்றில் விரைந்து காயும் வேம்பின் ஓட்டம், அதாவது நாரின் போக்கு, அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையில் பின்னியிருப்பதால், தளர்ந்த பட்டையை அது தன் விருப்பத்துக்கு இழுத்துச் செல்லும். பலாவின் பால் பட்டையில் ஒட்டி உறைந்து, தடிமனைக் கூட்டினாற்போல் உரசும்; மேலே தொங்கவிட்ட தகரக் குவளையிலிருந்து டீசலோ மண்ணெண்ணெயோ சொட்டிக்கொண்டிருந்தது அதற்காகவே. முற்றிய புளியின் கரிய வைரம் பெரிய பட்டையையும் தேய்த்துவிடும். தென்னையில் புறப்பகுதி கல்லாகவும் நடுப்பகுதி சோறாகவும் இருப்பதால், பட்டை வன்பகுதியிலிருந்து மென்பகுதிக்கு நழுவப் பார்க்கும். தேக்கில் உள்ள மணற்சத்து, மரம் மிருதுவாகத் தோன்றினாலும், பட்டையின் கூரை உண்டுவிடும். தாண்டிக்குடி, பன்றிமலைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக், மலையிலிருந்து ஈரத்தோடு இறங்கிவரும். அறுக்கும்போதே உள்ளடங்கிய முறுக்கு விடுபட்டுப் பலகைகள் பட்டையை இறுக்கிப் பிடிக்குமாதலால், உதவியாள் பின்புறம் நின்று தடத்தில் ஆப்பைச் செருகிக்கொண்டே வருவார். மாவும் சில்வர் ஓக்கும் ஒரு காலத்தில் அரை அங்குலத்துக்கும் மெல்லிய பலகைகளாகப் பிளக்கப்பட்டு, ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிப் பெட்டிகளாயின. வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கூடைகள் வந்து அந்த வேலையை முற்றிலும் எடுத்துக்கொண்டன. மெல்லிய பலகையை ஒரே சீராகப் பிளக்கும் பழக்கம் மில்களில் குறையத் தொடங்கியதும் அப்போதுதான்.

பட்டைக்கும் வயது உண்டு. நான்கு அங்குல அகலத்தோடு மில்லுக்கு வரும் பட்டை, ஒவ்வொரு தீட்டலிலும் பல்லோரத்தில் சிறிது இழந்து, காலப்போக்கில் மூன்று அங்குலத்தை நெருங்கும். தீட்டும் அறையில் அமர்ந்திருந்த முதியவர், சாணைச் சக்கரத்தால் குழிவுகளைச் சீராக்குவார், பல்லை ஒன்று விட்டு ஒன்று வளைத்துச் செட்டு வைப்பார், அதன் பின் பட்டையைத் தட்டையான வார்ப்பிரும்பின்மீது பரப்பி, நேர்கோலை வைத்து ஒளி எங்கே கசிகிறது என்று பார்ப்பார். அகலமான பட்டையின் நடுப்பகுதியை அழுத்தி மிகச் சிறிதளவு நீளச் செய்தால், பல்லோரமும் முதுகோரமும் இறுகி நிற்கும். சக்கரத்தில் ஓடி, சூடேறிப் பல்லோரம் நீளும்போதும் அது தளராது. பூட்டுக்கு அரம் பிடிக்கும் கைகள் நிறைந்த ஊரில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டைப் பாராட்டும் குரல்கள் இன்று பல; அதே ஊரில் அதே நுட்பத்தோடு பட்டை தீட்டிய கைகளை எவரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. தேய்ந்து முடிந்த பட்டைகளைக் கொல்லர்கள் எடைக்கு வாங்கிச் சென்று கத்திகளாக்கினர்.

அவ்வாறு தேய்ந்த பட்டைகளுள் ஒன்றிரண்டை மேஸ்திரிகள் விற்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் பழைய வீட்டு மரம். காரைக்குடிப் பக்கம் நகரத்தார் கொண்டுவந்து சேர்த்த பர்மாத் தேக்கின் பெருமையை அறியாதோர் இல்லை. திண்டுக்கல்லின் பழைய தெருக்களிலும் ஓட்டு வீடுகளிலும் மாடிக் கட்டடங்களிலும் அந்தத் தேக்கு உத்திரமாகவும் தூணாகவும் இருந்தது. வீடுகள் இடிபடத் தொடங்கியதும், அந்த உத்திரங்கள் மில்லுக்கு வந்தன. வெளியே கரியும் சுண்ணாம்பும் படிந்து கறுத்திருந்தாலும், உள்ளே இழைத்த பொன்னிறம் மாறாதிருக்கும் அவற்றில் ஆபத்து ஒன்று ஒளிந்திருந்தது. தொட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் என்று பல தலைமுறைகள் அடித்த ஆணிகள், தலை முறிந்து மரத்துக்குள் புதைந்திருக்கும். புதிய நான்கு அங்குலப் பட்டை ஓர் ஆணியில் மோதினால் பல் வரிசையே சிதையும். ஆகவே, காந்தத்தைத் தடவிப் பார்த்தும், நீலக்கறை படிந்த இடங்களை உளியால் தோண்டிப் பார்த்தும், கண்டவற்றைப் பிடுங்கிய பின், காணாதவற்றுக்காகத் தேய்ந்த பட்டையை மாட்டுவர். அது அகலத்தில் குறைந்தது; ஆனால் அந்தச் சக்கரத்தில் முழு விறைப்போடு நிற்பது.

சகோதரர் மூவர் தம் தந்தையின் வீட்டு நடு உத்திரத்தைக் கொண்டுவந்த நாள் மில் ஒன்றில் நெடுங்காலம் பேசப்பட்டது. வீட்டு மனை பாகமாகிவிட்டது. உத்திரத்தை எவரும் விற்க மனமில்லாமல், மூவர் வீட்டு நிலைக்கதவுக்கும் அதிலிருந்தே பலகை வேண்டும் என்றனர். நீளத்தில் மூன்றாகத் துண்டித்தால் கதவுக்கு நீளம் போதாது; எனவே தடிமனில்தான் பிளக்க வேண்டும். கொண்டுவந்த ஆசாரி கணக்கிட்டபோது, வட்ட ரம்பத்தில் போட்டால் ஒருவருக்கு ஒரு பலகை குறையும் என்று தெரிந்தது. மூத்தவர், "அண்ணே, புது அகலப் பட்டையிலேயே போட்டுருங்க, செலவு நான் பாத்துக்கிறேன்" என்றார். மேஸ்திரி உடன்படவில்லை. "பட்டைச் செலவு போகட்டும்யா. அது மொத்தம். அதுல போட்டா உங்க மரம்தான் தூளாப் போகும். இந்தத் தேஞ்சது மெலிசு, இதுக்குச் சரியா நிக்கும்" என்று சொல்லி, செட்டைக் குறைத்துத் தீட்டிய பழைய பட்டையை மாட்டச் செய்தார். தள்ளுவண்டி அன்று வழக்கத்தைவிட மெதுவாகவே நகர்ந்தது. முதல் பலகை விழுந்ததும், மேஸ்திரி அதன் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தடிமனை அளந்து பார்த்து, திருகைச் சற்று ஏற்றிவிட்டு, அடுத்த அறுவைக்குக் கைகாட்டினார். மூவருக்கும் கணக்குப்படியே பலகை கிடைத்தது. ஒருவர் வீட்டின் நிலைக்கதவு இன்றும் இருக்கிறது.

மில்கள் குறைந்ததற்கு ஒற்றைக் காரணம் இல்லை. உச்ச நீதிமன்றம் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 12 டிசம்பர் 1996 அன்று பிறப்பித்த ஆணை, காடுகளில் மரம் வெட்டுவதையும் அறுவை மில்கள் நடத்துவதையும் நாடு முழுவதும் கட்டுக்குள் கொண்டுவந்தது. அந்தக் கட்டுப்பாடு காலத்தின் தேவையே, ஏனெனில் சிறுமலையும் பழனிமலையும் இழந்த மரங்களை எந்தப் பட்டையும் திருப்பித் தராது. ஒட்டுப்பலகைக் கதவுகளும் இரும்புச் சன்னல்களும் மலிவாகக் கிடைத்தன. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டில், பாதி அறுபட்ட உத்திரத்தின் நடுவே பட்டை சிக்கி நிற்க, ஆப்பு அடித்துவிட்டு மின்சாரத்துக்காகக் காத்திருந்த பிற்பகல்களை மில்காரர்கள் சலிப்போடு நினைவுகூர்கின்றனர். தீட்டும் அறையின் முதியவர்களுக்குப் பின் அவ்விடத்தில் அமர இளையோர் முன்வரவில்லை.

அதே காலத்தில்தான் ஆசாரிகளின் பட்டறைகளில் சிறு பட்டை ரம்பங்கள் நுழைந்தன. முன்பு மில் ஒன்றில் மேஸ்திரி, தீட்டுபவர், தள்ளுபவர் என்று பலரிடம் பகிர்ந்திருந்த அறிவு முழுவதையும் இன்று ஒரே ஆசாரி தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இயந்திரம் ஏற்கும் மிக அகலமான பட்டையைக் கேட்டு வாங்குவதே பலரின் முதல் வழக்கமாக இருக்கிறது. கடைக்காரரும் அதையே எடுத்துக் கொடுக்கிறார். பலகை வயிறு வைத்து வரும்போது குற்றம் இயந்திரத்தின்மீது விழுகிறது. அகலம் குறைந்த பட்டையாலும் பெருமரத்தை அறுக்க இயலும் என்பதற்கு, வெளிநாடுகளில் தோப்புக்கே கொண்டுசென்று மரம் அறுக்கும் நடமாடும் மில்கள் சான்று: பருத்த தடிகளைக்கூட அவை ஒன்றேகால், ஒன்றரை அங்குலப் பட்டைகளால் பிளக்கின்றன. நான்கு அங்குலப் பட்டையைத் தாங்கும் சக்கரமோ சட்டகமோ அவற்றுக்கு இல்லை. உள்ள பட்டையை அவை முழு விறைப்பில் ஓட்டுகின்றன, கூர் குன்றியதும் மாற்றிவிடுகின்றன.

பழைய மில் ஒன்றில் உதவியாளாக இருந்து, பின்னர் வத்தலக்குண்டு சாலையில் சொந்தப் பட்டறை வைத்த ஆசாரி ஒருவரின் வழக்கம் இங்கே குறிப்பிடத்தக்கது. அவருடைய 14 அங்குலச் சக்கர இயந்திரத்தில் மறு அறுவைக்கு, அங்குலத்துக்கு மூன்று பல் கொண்ட மெல்லிய அரை அங்குலப் பட்டையே மாட்டப்படுகிறது. நாற்காலிக் கைகளுக்கு வேண்டிய வளைவறுப்புக்குக் கால் அங்குலப் பட்டை தனியே தொங்குகிறது. பட்டையை மாட்டியதும், மேல் வழிகாட்டியை உயர்த்திவைத்து, விரலால் பட்டையின் பக்கவாட்டில் அழுத்தி, எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறார். பின்பு கழிவுக் கட்டை ஒன்றில் கோடு போட்டு, கையால் தள்ளி அறுத்து, பட்டை எப்பக்கம் சாய்ந்து செல்ல விழைகிறதோ அச்சாய்வுக்கு ஏற்ப வேலியை, அதாவது மரத்தை அணைத்துப் பிடிக்கும் பக்கத் தடுப்பை, திருப்பி இறுக்குகிறார். எட்டு அங்குல உயரம் வரையுள்ள கட்டைகளை அவர் தம் பட்டறையிலேயே பிளந்துகொள்கிறார். அதற்கு மேற்பட்ட உத்திரம் வந்தால், முக்கால் அங்குலப் பட்டையை வாங்கி மாட்டிப் பார்க்கும் ஆசைக்கு இடங்கொடாமல், ஊருக்கு வெளியே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மில்லுக்கே வண்டி ஏற்றிவிடுகிறார். உடன் ஒரு துண்டுச் சீட்டில் பலகையின் தடிமனையும், ஆணி இருக்கக்கூடிய இடங்களையும் எழுதி அனுப்புகிறார்.